மலைக்கு ஒரு நத்தை: சிற்றினங்கள் பிரியும் கதை

“அக்கா, அப்படின்னா நாம வேற இனம், சீனவங்க வேற இனம், மலாய்க்காரங்க வேற இனம்தானே? ரொம்ப நாள் தனித்தனியா இருந்ததால அப்படி ஆயிட்டோமா?”

கேட்டவன் ஆறாம் ஆண்டு மாணவன். இடம், சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சில பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லித் தருகிறேன். அன்று உயிர்களின் வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆர்வக் கோளாறில் பாட நூலைத் தாண்டிப் போய்விட்டேன். “ஓர் இனம் இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்தால் இரண்டு வேறு இனங்கள் ஆகிவிடும்” என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

உயிரியல் இறுதியாண்டு மாணவி நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை. “அடுத்த வாரம் சொல்கிறேன்” என்று தப்பித்தேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன். நம் சங்க மலரைப் படிக்கும் நண்பர்களும் மூத்தவர்களும் எங்கேயாவது ஒரு பிள்ளையின் இதே கேள்விக்கு முன்னால் நிற்க நேரலாம்.

சொல்லில் தொடங்கிய தவறு

தவறு முதலில் என் சொல்லில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தபின் இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாயில் படித்தேன். அங்கே கற்றது ‘ஸ்பெசிஸ்’ என்ற சொல். அதைத் தமிழில் சொல்ல நினைத்தபோது வாயில் வந்தது ‘இனம்’. ஆனால் நம் நாட்டில் ‘இனம்’ என்றால் ஒரு பிள்ளையின் மனத்தில் தோன்றுவது என்ன? பள்ளிப் பாரத்தில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் கீழே நிரப்பும் கட்டம்தான். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். நான் ஒன்றைச் சொல்ல, அவன் வேறொன்றைப் புரிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுப் பாட நூல்களில் இதற்கு ‘சிற்றினம்’ என்ற சொல் இருக்கிறது. நெருங்கிய சிற்றினங்கள் பல சேர்ந்தது ‘பேரினம்’. இக்கட்டுரையில் இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறேன்.

சிற்றினம் என்றால் என்ன? எர்ன்ஸ்ட் மேயர் என்னும் அறிஞர் 1942-இல் தந்த விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, மேலும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய குட்டிகளை ஈனும் உயிர்க் கூட்டம் ஒரு சிற்றினம். மற்றக் கூட்டத்தோடு அப்படிக் கலக்க முடியாது. குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் பொதுவாக அதற்குக் குட்டி பிறக்காது. எனவே குதிரையும் கழுதையும் வேறு வேறு சிற்றினங்கள். மாறாக, உருவத்தில் எவ்வளவோ வேறுபட்டாலும் தெருநாயும் பணக்கார வீட்டு நாயும் ஒரே சிற்றினம். தோற்றத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடக்கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதல் பாடம்.

பிரிவு எப்படி நிகழ்கிறது?

ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த உயிர்கள் ஓரிடத்தில் வாழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏதோ ஒரு தடை வருகிறது. கடல் ஏறலாம், ஆறு திசை மாறலாம், காடு அழிந்து வெட்டவெளி ஆகலாம். இப்போது கூட்டம் இரண்டு. இங்கிருப்பது அங்கே போய் இணை தேட முடியாது. மரபணுக்களின் போக்குவரத்து நின்றுவிடுகிறது. இதுவே முதல் படி.

இரண்டாவது படியில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, மரபணுப் பிறழ்வு. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்களில் சிறு மாற்றங்கள் தற்செயலாகத் தோன்றுகின்றன. இங்கே தோன்றும் மாற்றமே அங்கேயும் தோன்ற வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, இயற்கைத் தேர்வு. ஒருபக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி என்றால், ஒவ்வோர் இடத்திற்கும் பொருந்தியவையே அங்கங்கே அதிகம் பிழைத்துப் பெருகும். மூன்றாவது, குருட்டு வாய்ப்பு. கூட்டம் சிறியதாக இருந்தால் நல்லது கெட்டது என்ற கணக்கே இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே சில பண்புகள் நிலைத்துவிடும், சில மறைந்துவிடும். பத்துப் பேர் மட்டும் ஒரு புதிய தீவில் குடியேறி, அவர்களில் எட்டுப் பேருக்குச் சுருட்டை முடி இருந்தால், அந்தத் தீவே சுருட்டை முடித் தீவாகிவிட வாய்ப்புண்டு. சுருட்டை முடியால் எந்த நன்மையும் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது படிதான் தேர்வு. தடை நீங்கி இரண்டு கூட்டங்களும் மீண்டும் சந்திக்கின்றன. கலந்து ஒன்றாகிவிட்டால் பழைய சிற்றினமே தொடர்கிறது. கலக்க முடியவில்லை, அல்லது கலந்தாலும் பிறந்தவை தழைக்கவில்லை என்றால், இரண்டு சிற்றினங்கள் பிறந்துவிட்டன. இணை சேரும் பருவம் மாறியிருக்கலாம். அழைக்கும் குரல் மாறியிருக்கலாம். மரபணுக்களே ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

இதன் தொடக்கத்தை ஆய்வுக்கூடத்திலும் காட்டியிருக்கிறார்கள். டயான் டாட் என்னும் ஆய்வாளர் பழ ஈக்களைப் பிரித்துச் சில கூட்டங்களை மாவுச்சத்து உணவிலும், சில கூட்டங்களை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரை உணவிலும் பல தலைமுறைகள் வளர்த்தார். பிறகு ஒன்றாக விட்டபோது, மாவுச்சத்து ஈக்கள் மாவுச்சத்து ஈக்களையும், சர்க்கரை ஈக்கள் சர்க்கரை ஈக்களையுமே அதிகம் நாடின. 1989-இல் வெளியான ஆய்வு இது. அவை புதிய சிற்றினங்கள் ஆகிவிடவில்லை. ஆனால் “உன்னை எனக்குத் தெரியாது” என்று சொல்லத் தொடங்கிவிட்டன. யாரும் அவற்றை அப்படிப் பழக்கவில்லை. பிரிந்து வாழ்ந்ததன் பக்கவிளைவு அது.

நிலத்தின் நடுவே தீவுகள்

இவ்வளவும் பாடநூல். கண்ணால் பார்க்க எங்கே போவது? பாடநூல்கள் கலாபகோஸ் தீவுக்கு அழைத்துப் போகும். நான் சாலாக் செலாத்தானில் கம்யூட்டர் இரயில் ஏறிப் பத்துமலையில் இறங்கினேன்.

பத்துமலைக்கு நாம் எத்தனை முறை போயிருப்போம்! 272 படிகள், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலை, தைப்பூசக் காவடிகள். ஆனால் படியேறும்போது பக்கத்துப் பாறையை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அது தலைநீட்டி நிற்கும் இடமே பத்துமலை.

சுண்ணாம்பு மலை ஒரு நத்தைக்கு எப்படிப்பட்ட இடம் என்று நினைத்துப் பாருங்கள். ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மலையில் அது வேண்டிய மட்டும் கிடைக்கும். மலையை விட்டு இறங்கினால் நம் நாட்டு மழைக்காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்பு குறைந்தது. சுண்ணாம்பையே நம்பி வாழப் பழகிய சிறு நத்தைக்கு அந்த மண்ணைக் கடப்பது நாம் கடலை நீந்திக் கடப்பது போல. நமக்கு அடுத்த மலை காரில் பத்து நிமிடம். அரிசி மணியைவிடச் சிறிய நத்தைக்கு அது வேறு உலகம். எப்போதோ ஒருமுறை காற்றோ வெள்ளமோ ஒன்றிரண்டு நத்தைகளை அங்கே கொண்டு சேர்த்தால், அவை அங்கே புதிய குடியை நிறுவும். பிறகு மீண்டும் நீண்ட தனிமை. மேலே சொன்ன படிகள் அனைத்தும் அங்கே தொடங்கிவிடும். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய சுண்ணாம்பு மலைகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. கடலே இல்லாத ஒரு தீவுக்கூட்டம் என்று இதைச் சொல்லலாம்.

விளைவு என்ன? பேராக் மாநிலத்தின் 12 சுண்ணாம்பு மலைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 122 வகை நிலநத்தைகள் பதிவாயின. அவற்றுள் 34 வகைகள் ஆராயப்பட்ட மலைகளில் ஏதேனும் ஒரே ஒரு மலையில் மட்டுமே இருந்தன. ஈப்போவுக்கு அருகில் உள்ள குனோங் ராப்பாட் மலையில் மட்டும் அறியப்பட்ட ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம் என்னும் நத்தையை 2008-இல் விவரித்தார்கள். வழக்கமான நத்தை ஓடு ஓர் அச்சைச் சுற்றிச் சுருளும். இது நான்கு அச்சுகளைச் சுற்றிச் சுருள்கிறது. பிள்ளைகள் களிமண்ணை உருட்டி இஷ்டத்திற்கு வளைத்தது போல இருக்கும்.

நத்தை மட்டுமல்ல. பத்துமலை இருட்டுக் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. பெயர் லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். 1923-இல் ஆபிரகாம் என்னும் ஆய்வாளர் விவரித்தது. குகைச் சுவரில் பட்டிழையால் வளை கட்டி, அதற்கு மூடி போட்டு, வாசலிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டி வைத்துக் காத்திருக்கும். இரை நூலில் பட்டால் மூடியைத் திறந்து பாயும். அதன் வயிற்றின்மேல் கட்டுக்கட்டாகத் தகடுகள் தெரியும். 30 கோடி ஆண்டுப் பழைமை கொண்ட சிலந்தி மரபின் அடையாளம் அது.

இதே பேரினத்தில் உள்ள மற்றச் சிற்றினங்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: லிஃபிஸ்டியஸ் காந்தான், லிஃபிஸ்டியஸ் தெம்புரோங், லிஃபிஸ்டியஸ் பாஞ்சிங், லிஃபிஸ்டியஸ் லங்காவி, லிஃபிஸ்டியஸ் தியோமான். நம் நாட்டு வரைபடத்தை வாசிப்பது போல இல்லையா? முன்னோர் ஒரே மரபு. அங்கங்கே பிரிந்து நின்றவை அங்கங்கே வேறாயின. சிறகில்லாமல், வளையை விட்டு அதிகம் நகராமல் வாழும் உயிருக்கு இது நேர்வது இயல்பே.

கணவாய் வாசலா, மதிலா?

தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஓர் இடைவெளி உண்டு. அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மனிதர்களுக்கு அது வாசல். வணிகர்கள் அவ்வழியே போய் வந்தார்கள். இன்று இரயிலும் அவ்வழியே ஓடுகிறது. ஆனால் மலையுச்சிச் சோலைக் காட்டில், குளிரில் மட்டுமே வாழும் ஒரு சிறு பறவைக்கு? தாழ்ந்த வெப்பச் சமவெளி அதற்கு மதில்.

அம்மலைகளில் வாழும் சிரிப்பான் பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் 2017-இல் நான்கு சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, இன்னும் வடக்கே பாணாசுர மலைப்பகுதியில் ஒன்று. தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் ஒன்று. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் ஒன்று. அதே ஆய்வில் இன்னொரு பறவைக் குழுவுக்கு ‘ஷோலிகோலா’ என்று புதிய பேரினப் பெயர் சூட்டினார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். நம் ‘சோலை’ உலக அறிவியல் பெயராகிவிட்டது என்பதில் ஒரு தமிழ் மாணவிக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரே இடைவெளி ஒருவருக்கு வாசல், ஒருவருக்கு மதில். எது தடை என்பதை நிலம் மட்டும் முடிவு செய்வதில்லை; அதைக் கடக்க வேண்டிய உயிரும் சேர்ந்தே முடிவு செய்கிறது. என் மாணவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலின் பாதி இங்கேதான் கிடைத்தது.

கடல் போட்ட கோடு

கடலும் ஒரு தடை என்று சொன்னேன். ஆனால் நம் வட்டாரக் கடல் நிலையானதன்று. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. தீபகற்பம், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். பனி உருகக் கடல் ஏறியது, நிலம் துண்டானது. இதற்கு முன்னும் பலமுறை இப்படி நடந்திருக்கிறது.

மலாயில் ‘ஹரிமாவ் டாஹான்’ எனப்படும் படைச்சிறுத்தை தீபகற்பத்திலும் உண்டு, போர்னியோ, சுமத்திராவிலும் உண்டு. நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணினார்கள். 2006-இல் வெளியான மரபணு, உருவ ஆய்வுகள் அவை இரண்டு சிற்றினங்கள் என்று காட்டின. அவை பிரிந்து பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இடையில் நிலம் மீண்டும் தோன்றியபோதும் அவை ஒன்றாகிவிடவில்லை. மூன்றாவது படியைத் தாண்டியவை அவை.

இந்த வட்டாரத்தில் அலைந்து திரிந்த வாலஸ் 1855-இல் சரவாக்கில் இருந்தபடி எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: புதிய சிற்றினம் தோன்றும் இடத்திலும் காலத்திலும் அதற்கு நெருங்கிய உறவுடைய பழைய சிற்றினம் ஒன்று இருந்தே தீரும். டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, நம் நாட்டு மண்ணில் எழுதப்பட்ட வரி அது.

மலை போனால்?

ஒரே மலையில் மட்டும் வாழ்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் என்றொரு சுண்ணாம்பு மலை இருந்தது. பிளெக்டோஸ்டோமா சையாஃபிலம் என்னும் சின்னஞ்சிறு நத்தைக்கு அறியப்பட்ட ஒரே இருப்பிடம் அது. சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி, 2003-க்குள் அந்த மலையே இல்லாமல் போனது. நத்தை அற்றுப்போனவற்றின் பட்டியலில் இருக்கிறது.

பேராக்கில் குனோங் காந்தான் மலையின் ஒரு பகுதியில் கல் வெட்டுகிறார்கள். அங்கே கண்டறிந்த ஒரு நத்தைக்கு 2014-இல் சரோபா லஃபார்கேய் என்று பெயரிட்டார்கள். அப்போது அங்கே கல் வெட்டிய சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே நத்தைக்குச் சூட்டிவிட்டார்கள். கவனத்தை ஈர்க்கச் செய்த காரியம் அது. பேராசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியே சிமெண்டுதான். சிமெண்டு சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருகிறது. “கல் வெட்டவே கூடாது” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எந்த மலையில் வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் முன், அங்கே மட்டும் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது அதிகமான கோரிக்கை அல்ல. பல இலட்சம் ஆண்டுத் தனிமை உருவாக்கிய ஒன்றை மீண்டும் உருவாக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை.

பத்துமலையிலும் 1980-கள் வரை கல் வெட்டினார்கள். கோயில் இருந்ததும் அந்த மலை பிழைத்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாம் முருகனைக் கும்பிடப் போன இடத்தில், நமக்குத் தெரியாமலே ஒரு சிலந்தியும் பிழைத்திருக்கிறது.

மாணவனுக்குச் சொன்ன பதில்

அடுத்த ஞாயிறு அவன் மறக்காமல் கேட்டான். முதலில் என் தவறை ஒத்துக்கொண்டேன். “தம்பி, போன வாரம் அக்கா தப்பான சொல்ல சொல்லிட்டேன். பாரத்துல நிரப்புற இனம் வேற. உயிரியல்ல சொல்றது சிற்றினம். உலகத்துல இருக்குற எல்லா மனுஷங்களும் ஒரே சிற்றினம்தான்.”

அவன் விடவில்லை. “நாமளும் ரொம்ப நாள் பிரிஞ்சிதானே இருந்தோம்?”

இங்கேதான் பாலக்காட்டுக் கணவாய் உதவியது. மனிதனுக்கு எந்தக் கடலும் முழுத் தடையாக இருந்ததில்லை. நம் சிற்றினத்தின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய பெரும் பயணம் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முந்தையது. படைச்சிறுத்தைகள் பிரிந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது நேற்று. அந்தக் குறுகிய காலத்திலும் நடந்தோம், கப்பலேறினோம், கலந்தோம். ரிச்சர்ட் லெவொன்டின் 1972-இல் போட்ட கணக்கின்படி, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்திற்கு உள்ளேயே இருக்கிறது. பாரத்தில் இருக்கும் கட்டங்களுக்கு இடையில் இருப்பது கொஞ்சம்தான். மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்திற்கு வந்த தமிழர்கள் இங்குள்ள பெண்களை மணந்து, மலாய் பேசி, இந்துக்களாகவே இன்றும் வாழ்கிறார்கள். நத்தையால் முடியாததை நாம் எளிதாகச் செய்திருக்கிறோம்.

இவ்வளவையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு எப்படிச் சுருக்குவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். அவள் அப்பா தமிழர், அம்மா சீனர்.

“அக்கா, அப்ப நான் கோவேறு கழுதை இல்லதானே?”

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வியை அவள் விளையாட்டுக்கு மட்டும் கேட்கவில்லை என்று அவள் கண்ணில் தெரிந்தது. போன வாரம் நான் சொன்ன ஒரு தவறான சொல், ஏழு நாள் அந்தப் பிள்ளையோடு வீட்டுக்குப் போயிருக்கிறது.

“இல்லடா. நாம எல்லாம் ஒரே சிற்றினம்கிறதுக்கு இந்த வகுப்புலேயே நீதான் சாட்சி” என்றேன்.

வாசக நண்பர்களே, அறிவியலைத் தமிழில் சொல்வது பெருமை என்று மேடையில் பேசுகிறோம். அது பெருமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட என்பதை அந்தச் சிறுமி எனக்குக் கற்றுத் தந்தாள். சரியான சொல்லைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டால், அதன் வலி நம் முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் போய்ச் சேரும்.

அடுத்த முறை பத்துமலைப் படியேறும்போது ஒரு நிமிடம் நின்று, பக்கத்துப் பாறையை உற்றுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே சுண்ணாம்பைத் தின்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளை வரும் பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி வேண்டுமாம். தந்துதவ விரும்பும் நண்பர்கள் சங்க அறையில் சொல்லுங்கள்.